சுவர், காற்று, ஆலை: சுற்றுலாப் பார்வைக்கு அப்பால் புதுச்சேரி நகரப் பனுவல்கள்

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரி பற்றிய சுற்றுலா எழுத்துகள் அந்நகரைப் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே அமைந்த சில வீதிகளாகச் சுருக்கிக் காட்டுகின்றன. அந்நகரில் பிறந்த தமிழ்ப் பனுவல்களோ சாதி, கடல், உழைப்பு ஆகிய மூன்றாலும் இயங்கும் ஒரு நகரை முன்வைக்கின்றன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, பிரபஞ்சனின் வரலாற்றுப் புதினங்கள், பாரதியின் புயல் பற்றிய இரு கவிதைகள், வ. சுப்பையாவின் தன்வரலாறு ஆகியவற்றை நகரப் பனுவல்களாகக் கொண்டு வாசிக்கும் இக்கட்டுரை, சுற்றுலாப் பார்வை விடுவனவற்றை இப்பனுவல்கள் எங்ஙனம் காக்கின்றன என்பதையும், அவற்றின் பார்வை எல்லைகள் எவை என்பதையும் ஆராய்கிறது. தமிழ்த் திறனாய்வு புதுச்சேரியைக் கவிஞர்களின் புகலிடமாக மட்டும் கண்டு வந்தமையும் சுற்றுலாப் பார்வையின் ஒரு வடிவமே என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, நகரப் பனுவல், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, பிரபஞ்சன், பாரதி, பஞ்சாலைத் தொழிலாளர், கடலரிப்பு

1. முன்னுரை

கடற்கரை நகரை எழுதும் மரபு தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுக்கிறது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கைகள் உள்ளன. அங்கேயே நெய்வோர், மீனும் உப்பும் விற்போர், அப்பம் சுடுவோர், தச்சர், கொல்லர், குயவர், தையற்காரர் எனத் தொழில் செய்வோர் அனைவரும் வரிசையாகப் பெயர் சுட்டப்படுகின்றனர். அரச வீதியும் பெருவணிகர் மனைகளும் பட்டினப்பாக்கத்தில் அமைகின்றன. இரண்டுக்கும் இடையே நாளங்காடி கூடுகிறது. பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரின் வாழ்வையும் துறைமுகத்தில் ஏறி இறங்கும் பண்டங்களையும் விரித்துரைத்த பின்னரே கரிகாலனின் சிறப்பிற்கு வருகிறது. இவ்விரு நூல்களிலிருந்தும் ஓர் அளவுகோலைப் பெறலாம். தமிழ் மரபில் கடற்கரை நகரை வருணித்தல் என்பது, அந்நகரில் எவர் எங்கு வாழ்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்று சொல்லுதலே ஆகும்.

இந்த அளவுகோலைக் கொண்டு இன்றைய புதுச்சேரி பற்றிய எழுத்துகளை அணுகும்போது ஒரு முரண் புலப்படுகிறது. புதுச்சேரியும் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பகுக்கப்பட்ட நகரமே. வெள்ளைப் பட்டணம், கறுப்புப் பட்டணம் எனப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வழங்கிய இரு பகுதிகளுக்கும் இடையே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. இளங்கோவடிகள் இரு பாக்கங்களையும் ஒருசேரக் கண்டு பாடினார். சுற்றுலா எழுத்தோ ஒரு பாக்கத்தை மட்டும் கண்டு, அதனையே நகரம் என்கிறது. இம்முரணின் காரணங்களையும் விளைவுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சுற்றுலாப் பனுவலின் இலக்கணம்

விளம்பரப் பலகை, கையேடு, வழிகாட்டி நூல், நிழற்படத் தொகுப்பு ஆகியவற்றை ஒருங்கே சுற்றுலாப் பனுவல் என இக்கட்டுரை குறிக்கிறது. புதுச்சேரியைப் பொறுத்தவரை இப்பனுவலின் இலக்கணம் மூன்று கூறுகளால் ஆனது.

முதலாவது, நிறம். மஞ்சள் பூசிய சுவர், அதன்மேல் படர்ந்த காகிதப்பூக் கொடி, நீலத் தகட்டில் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதப்பட்ட வீதிப் பெயர் ஆகியவை மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. இரண்டாவது, ஆளின்மை. அச்சுவருக்குப் பின்னே வாழ்வோரும், அதற்குச் சுண்ணம் பூசுவோரும், அவ்வீதியைப் பெருக்குவோரும் இப்பனுவலில் இடம்பெறுவதில்லை. இடம்பெறும் மனிதர் பெரும்பாலும் வந்து செல்வோரே. மூன்றாவது, காலக் குழப்பம். காணப்படும் கட்டடங்கள் அனைத்தும் துய்ப்ளேக்ஸ் காலத்தவை என்ற எண்ணம் உருவாக்கப்படுகிறது. 1761 சனவரியில் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின்படி 1765-இல் பிரெஞ்சியர் நகரைத் திரும்பப் பெற்ற பின்னரே அது மீண்டும் எழுப்பப்பட்டது. ஆகவே, இன்று காணப்படும் கிழக்குப் பகுதி பெரும்பாலும் ஓர் அழிவின் மேல் எழுந்த நகரமாகும். சுற்றுலாப் பனுவல் அவ்வழிவை மறைத்துத் தொன்மையை மட்டும் காட்டுகிறது.

பாதுகாப்புப் பணிகள் மேற்கே செல்லவே இல்லை என்பது இதன் பொருளன்று. வைசியாள் வீதியின் தமிழ் மனைகள் சில, திண்ணையும் தாழ்வாரமும் கெடாமல் புதுப்பிக்கப்பட்டுள்ளன. இது வரவேற்கத்தக்கது. எனினும், வாய்க்காலைக் கடந்த அப்பார்வை செல்வ வணிகரின் முகப்புகளிலேயே நின்றுவிட்டது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்களும், முதலியார்பேட்டையின் ஆலைக் குடும்பங்களும், வடக்கே வைத்திக்குப்பத்து மீனவரும் அப்பார்வைக்குள் வரவில்லை. கட்டடம் மரபாகக் கருதப்படும் அளவிற்கு உழைப்பு மரபாகக் கருதப்படுவதில்லை என்பதே இங்குள்ள சிக்கல்.

3. வாசல்களும் சுவரும்: நாட்குறிப்பு காட்டும் நகரம்

ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 முதல் தம் இறுதிக் காலம் வரை எழுதிய நாட்குறிப்பு, 1846-இல் கலுவா மொம்பிரேனால் கண்டறியப்பட்டது. 1904-க்கும் 1928-க்கும் இடையில் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தமையால், அது முதன்மையாகத் துய்ப்ளேக்ஸின் அரசியலுக்கான சான்று நூலாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அதனை ஒரு நகரத்தின் பனுவலாக வாசிக்கும்போது வேறொரு புவியியல் வெளிப்படுகிறது.

நாட்குறிப்பின் நகரம் மதிலாலும் வாசல்களாலும் அறியப்படுகிறது. வழுதாவூர் வாசல், வில்லியனூர் வாசல், சென்னைப்பட்டணத்து வாசல் ஆகியவை அதில் அடிக்கடி சுட்டப்படுகின்றன. அவ்வாசல்களின் வழியே செய்தியும் சரக்கும் படையும் உள்நாட்டு ஊர்களிலிருந்து வருகின்றன. கிழக்கே கப்பல்கள் வருகின்றன. உள்நாட்டு நெசவூர்களின் துணி இல்லையேல் கப்பலுக்கு ஏற்றுமதிச் சரக்கு இல்லை என்பதைத் துணி வணிகரான பிள்ளை நன்கு அறிந்திருந்தார். ஆகவே, அவரது நகரம் கடலைப் பார்த்து மட்டும் நிற்கவில்லை. மேற்கையும் பார்த்து நின்றது. மதில்கள் இன்று இல்லை. அவை இருந்த இடத்தில் நகரைச் சுற்றி முட்டை வடிவில் சாலைகள் ஓடுகின்றன. வழுதாவூர்ச் சாலை என்னும் பெயர் மட்டும் அந்த மேற்குத் தொடர்பை நினைவூட்டி நிற்கிறது. கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்பவையும் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டனவாகக் கூறப்படும் கற்றூண்களே. சுற்றுலாப் பயணியர் படமெடுக்கும் இடத்திலும் மேற்கு நின்றுகொண்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

நாட்குறிப்பு காட்டும் முதன்மையான எல்லை வாய்க்கால் அன்று, சாதி ஆகும். 1745 அக்டோபர்க் குறிப்புகளில் சம்பா கோயில் எனப்படும் தேவாலயத்தினுள் சாதிக் கிறித்தவரையும் ஒடுக்கப்பட்ட கிறித்தவரையும் பிரித்து நின்ற ஒரு சுவர் பற்றிய பூசல் பதிவாகியுள்ளது. எல்லோரும் ஒரே சமயத்தின் அடியார் எனில் இச்சுவர் எதற்கு என்று ஒடுக்கப்பட்டோர் முறையிட, பாதிரியார் அதனை இடிக்கச் செய்தார். அதனைச் சாதிக் கிறித்தவர் எதிர்த்தனர். இன்று மிஷன் வீதியில் நிற்கும் தேவாலயக் கட்டடம் 1761-ஆம் ஆண்டு அழிவிற்குப் பின் 1791-இல் எழுந்ததாகும். அதன் முகப்பைக் கண்டு வியப்போரிடம் அச்சுவர் பற்றி எவரும் சொல்வதில்லை. முகப்பு காட்சிக்குரியது, சுவர் வரலாற்றுக்குரியது. நாட்குறிப்பு இரண்டாவதைக் காத்துத் தந்திருக்கிறது.

அதே 1745-ஆம் ஆண்டின் இறுதியில் கனகராய முதலியார் ஒழுகரையில் தாம் எழுப்பிய தேவாலயத்தின் விழாவில் எல்லாச் சாதியாரையும் அழைத்து விருந்தளித்தார். அதனை விரிவாகப் பதிவுசெய்யும் பிள்ளையின் நடையில் வியப்பும் ஒவ்வாமையும் ஒருங்கே காணப்படுகின்றன. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை எழுதும் இடத்தில் துயரமும் தம்மவரின் ஒற்றுமையின்மை பற்றிய கசப்பும் மேலோங்குகின்றன. 1743-ஆம் ஆண்டுக் குறிப்புகளோ ஏழை மக்களை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்துக் கப்பலேற்றிய அடிமை வணிகத்தை வெளிப்படுத்துகின்றன. பிள்ளையின் துறைமுகத்தில் சரக்கு மட்டுமன்றி மனிதரும் ஏற்றுமதியாயினர்.

இங்கு ஒரு திறனாய்வு எச்சரிக்கையும் தேவை. பிள்ளை துபாசி, பெருவணிகர். ஒடுக்கப்பட்டோர் அவரது எழுத்தில் பூசல் எழும்போது மட்டுமே தோன்றி, பூசல் அடங்கியதும் மறைகின்றனர். சுவர் இடிந்த செய்தி கிடைக்கிறது. அச்சுவருக்கு அப்பால் அமர்ந்திருந்த ஒருவரின் பெயர் கிடைப்பதில்லை. நாட்குறிப்பைச் சுற்றுலாப் பனுவலுக்கு எதிராக நிறுத்தலாம். அதனையே முழுமையான நகர வரலாறாகக் கொள்ளலாகாது.

4. விளிம்பினரை நடுவுக்குக் கொணர்தல்: பிரபஞ்சனின் புதினங்கள்

புதுச்சேரியில் பிறந்த பிரபஞ்சன் (1945–2018) நாட்குறிப்பின் இவ்விடைவெளியைத் தம் படைப்பிற்கான களமாகக் கொண்டார். ‘மானுடம் வெல்லும்’, 1995-ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ ஆகிய இரு புதினங்களும் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியை மீட்டெழுதுகின்றன. தமிழ் வரலாற்றுப் புதினம் அரச குலத்தின் காதலையும் வீரத்தையும் மையமாகக் கொண்டு வளர்ந்த சூழலில், ஆவணத்தை அடிப்படையாகக் கொண்டு குடிமக்களின் வாழ்வை எழுத முற்பட்டமை அவரது தனித்தன்மை எனத் திறனாய்வாளர் பலரும் சுட்டியுள்ளனர்.

இக்கட்டுரை அதனோடு மற்றொன்றைச் சேர்க்க விரும்புகிறது. பிரபஞ்சன் செய்தது காலத்தை மீட்டமை மட்டுமன்று. நகரத்தின் பார்வைக் கோணத்தை மாற்றியமையும் ஆகும். நாட்குறிப்பில் செய்திகள் ஆளுநர் மாளிகையை நோக்கிச் செல்கின்றன. பிள்ளை காலையில் புறப்பட்டு அங்கே சென்றடைகிறார். புதினங்களில் கதை அம்மாளிகையிலிருந்து வெளியேறித் தெருவுக்கும் அடுப்படிக்கும் தேவதாசியர் இல்லங்களுக்கும் செல்கிறது. அதிகாரத்தின் ஒரு சொல் வெளியே வந்து எளியோர் வாழ்வை எவ்வாறு குலைக்கிறது என்பதே அவரது அக்கறை. ஒரே வீதியைப் பிள்ளை ஒரு திசையிலும் பிரபஞ்சன் எதிர்த் திசையிலும் நடக்கின்றனர் எனலாம்.

ஆயினும், இம்மாற்றம் முழுமை பெற்றதாகக் கூற இயலாது. பிரெஞ்சு–ஆங்கிலப் போட்டி, நவாபுகளின் வாரிசுப் பூசல், துய்ப்ளேக்ஸ் இணையரின் செயல்கள் ஆகியன கதையை மீண்டும் மாளிகைக்கே இழுத்துச் செல்கின்றன. மூல ஆவணத்தின் ஈர்ப்பு அத்தகையது. ஆவணம் எழுதியவரின் சமூக நிலை, அதனைக் கடந்து செல்ல முயலும் படைப்பாளியின் கைகளையும் ஓரளவு கட்டிவைக்கிறது. வரலாற்றுப் புதினத்தின் மக்கள் சார்பை மதிப்பிடும் ஆய்வுகள் கதைமாந்தரின் எண்ணிக்கையைக் கணக்கிடுவதோடு நில்லாமல், கதை எவருடைய முடிவுகளால் நகர்கிறது என்பதையும் கருதுதல் வேண்டும்.

5. வீட்டிற்குள் நுழையும் கடல்: பாரதியின் இரு கவிதைகள்

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அக்காலம் பற்றிய ஆய்வுகள் அவரது அரசியல் புகலிடம், அரவிந்தர், வ.வே.சு. ஐயர் ஆகியோருடனான தொடர்பு, பெரும் படைப்புகளின் தோற்றம் ஆகியவற்றையே மிகுதியும் பேசியுள்ளன. நகரம் அவ்வாய்வுகளில் ஒரு பின்புலத் திரையாக மட்டும் நிற்கிறது. 1916 நவம்பரில் வீசிய புயலையொட்டி எழுந்த ‘புயற்காற்று’, ‘பிழைத்த தென்னந்தோப்பு’ ஆகிய இரு சிறு கவிதைகள் இத்திரையை விலக்குகின்றன.

‘புயற்காற்று’ ஒரு கணவனும் மனைவியும் இரவில் பேசிக்கொள்ளும் வடிவில் அமைந்தது. கடலின் குமுறல் கேட்கிறது. கதவையும் சாளரத்தையும் துளைத்துக்கொண்டு தூறல் படுக்கைவரை வருகிறது. முந்தைய நாள்வரை இருந்த வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நடுக்கமும், வீடு மாறியதால் பிழைத்த நிம்மதியும் கவிதையின் உள்ளீடுகள். வாடகை வீட்டில் வாழும் ஏழைக் குடும்பத்திற்குச் சுவரின் உறுதியே உயிரின் உறுதி. சுற்றுலாப் பனுவலின் கடல் நடைபாதையின் விளிம்போடு நின்றுவிடுகிறது. பாரதியின் கடல் வீட்டிற்குள் வருகிறது. இவ்வேறுபாடு வெறும் கற்பனை வேறுபாடன்று. பார்க்க வருவோருக்கும் வாழ்வோருக்கும் கடலோடுள்ள உறவின் வேறுபாடு அது.

‘பிழைத்த தென்னந்தோப்பு’ புயலுக்குப் பின்னான நிலத்தைக் காட்டுகிறது. கவிஞர் நகருக்கு வெளியே வயலும் நீர்நிலையும் உள்ள இடத்திற்குத் தனியே ஆறுதல் தேடிச் செல்கிறார். கணக்கற்ற மரங்கள் வீழ்ந்து கிடக்க, ஒரு சிறிய தோப்பு மட்டும் தப்பி நிற்கிறது. அது ஒரு வறியவனின் உடைமை என்பதை அவர் கவனிக்கிறார். பேரழிவின் நடுவே எது எஞ்சியது என்பதோடு, அது யாருடையது என்றும் கேட்கும் இப்பார்வை, முன்னுரையில் சுட்டிய பழந்தமிழ் அளவுகோலோடு ஒத்திசைகிறது.

இக்கவிதைகளை இன்றைய கரையில் நின்று வாசிக்கும்போது அவற்றின் பொருள் மேலும் விரிகிறது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்ட பின் அம்மணல் தெற்கிலேயே தேங்கியது. வடக்கே மணல் வரத்துக் குறைந்து, நகரின் கடற்கரை அரிக்கப்பட்டது. நகரைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. அப்பாறைகள் முடியும் இடத்திற்கு வடக்கே அரிப்பு மேலும் நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் ஆகிய மீனவப் பகுதிகள் படகேற்றவும் வலை உலர்த்தவும் உரிய மணற்பரப்பை இழந்தன. மாசி மகத்தன்று சுற்றுப்புற ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு வந்து கூடும் இடமும் வைத்திக்குப்பமே ஆகும். எனவே, இழப்பு பொருளியல் சார்ந்தது மட்டுமன்று. சடங்கியல் சார்ந்ததும் ஆகும். அண்மைக் காலத்தில் கடலுக்குள் அமைக்கப்பட்ட தடுப்பமைப்பால் நகரின் முன்புறத்தில் மணல் ஓரளவு மீண்டுள்ளது. மணல் முதலில் மீண்ட இடம் பயணியர் உலவும் நடைபாதையின் முன்புறம் என்பதைத் திறனாய்வாளர் குறித்துக்கொள்ளுதல் தகும். எது எஞ்சியது, அது யாருடையது என்ற பாரதியின் வினா இங்கும் பொருந்துகிறது.

6. ஆலையும் நினைவும்

கடலிலிருந்து எதிர்த் திசையில், கடலூர்ச் சாலையில் முதலியார்பேட்டைக்குச் சென்றால் பெரிய ஆலை வளாகம் ஒன்றைக் காணலாம். 1898-இல் தொடங்கப்பட்டு, மக்கள் வழக்கில் ரோடியர் ஆலை எனப்பட்ட ஆங்கிலோ–பிரெஞ்சுப் பஞ்சாலை அது. சவானா ஆலை, கெப்ளே ஆலை ஆகியவற்றோடு சேர்ந்து இந்நகரின் பல தலைமுறைகளுக்குச் சோறிட்டது. பிள்ளை காலத்து நெசவூர்களின் துணியால் வாழ்ந்த துறைமுகம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத் துணியால் வாழ்ந்தது. இங்கிருந்து சென்ற நீலத் துணி மேற்கு ஆப்பிரிக்கக் கரைவரை விற்கப்பட்டது. ஆகவே, புதுச்சேரி பிரெஞ்சு நகரம் எனில், அது உணவகத்தாலும் கட்டடத்தாலும் மட்டும் ஆனதன்று, தறியாலும் ஆனது.

1936 சூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். அதன் தொடர்ச்சியாக 1937-இல் எட்டு மணி நேர வேலை நாளை உள்ளிட்ட தொழிலாளர் சட்டங்கள் பிரெஞ்சிந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. இப்போராட்டத்தை வழிநடத்திய வ. சுப்பையா (1911–1993) 1934-இல் ‘சுதந்திரம்’ என்னும் இதழைத் தொடங்கியவர். அவரது தன்வரலாறு பிரெஞ்சிந்திய விடுதலை வரலாறாகவே பெரிதும் அறியப்பட்டுள்ளது. அதனையும் ஒரு நகரப் பனுவலாக வாசிக்கலாம். நாட்குறிப்பில் நகரம் வாசல்களால் பகுக்கப்பட்டது போல, தொழிலாளர் இயக்கத்தின் நினைவில் நகரம் ஆலைவாயில்களால் பகுக்கப்படுகிறது. நாளின் பொழுது கோயில் மணியாலோ கடற்கரை விளக்காலோ அறியப்படவில்லை. ஆலைச் சங்கால் அறியப்பட்டது.

அவ்வாலை 2020-இல் மூடப்பட்டது. இன்று அவ்வளாகத்தின் வெளித் திடல் கூட்டங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் நன்கு அறிமுகமான இடம். ஆலைச் சங்கு ஒலித்த காலத்தை நினைவுகூர்வோர் முதுமையடைந்து வருகின்றனர். கவிஞர் வாழ்ந்த வீடு நினைவில்லமாகிறது. ஆளுநர் வாழ்ந்த மாளிகை அரசு மாளிகையாகத் தொடர்கிறது. நெசவுத் தொழிலாளி வேலைசெய்த கூடத்திற்கு மட்டும் நினைவு வடிவம் எளிதில் வாய்ப்பதில்லை. இங்குத் தமிழியல் ஆய்வுக்கு ஒரு கடமை உண்டு. இயக்க இதழ்கள், துண்டறிக்கைகள், சங்கப் பாடல்கள், முதியோரின் வாய்மொழி வரலாறு ஆகியவற்றைத் தொகுப்பது இன்னும் சில ஆண்டுகளுக்கே இயலும். நாட்குறிப்பு 1846-இல் கண்டெடுக்கப்பட்டதனாலேயே பதினெட்டாம் நூற்றாண்டு நமக்குக் கிடைத்தது. எழுத்தில் பதியாத ஆலை நினைவுக்கு அத்தகைய கண்டெடுப்பு வாய்க்காது.

7. இலக்கிய யாத்திரை என்னும் இடர்

சுற்றுலாப் பார்வையை விமர்சிக்கும் தமிழ் ஆய்வாளர் தம் பார்வையையும் சோதித்தல் வேண்டும். இக்கட்டுரையாளர் முதன்முதலாகப் புதுச்சேரிக்கு ஆய்வுப் பயணமாகச் சென்றபோது கண்டவை ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியிலுள்ள பாரதி நினைவில்லமும், பெருமாள் கோயில் வீதியிலுள்ள பாரதிதாசன் நினைவில்லமும், குயில் பாட்டோடு தொடர்புபடுத்தப்படும் கருவடிக்குப்பத்துத் தோப்புமே ஆகும். பயணம் நிறைவுற்றதாகக் கருதித் திரும்பியதும் உண்மை. பெரிய மார்க்கெட்டைக் குறுக்கு வழியாகக் கடந்தும் அதனைக் கண்டதாகக் குறிப்பேட்டில் எழுதவில்லை. அம்மார்க்கெட்டிற்கு அருகே ரங்கப்பிள்ளை வீதியில், கீழே மரத்தூண்களும் மேலே பிரெஞ்சு பாணிச் சுதைத்தூண்களும் கொண்டு நிற்கும் பிள்ளையின் மாளிகையையும் அன்று தேடவில்லை. மஞ்சள் சுவரைத் தேடி வருவோருக்கும் கவிஞர் வீட்டைத் தேடி வருவோருக்கும் இடையே பார்வை முறையில் பெரிய வேறுபாடு இல்லை. இருவரும் முன்னரே அறிந்ததை உறுதிசெய்துகொள்ளவே வருகின்றனர்.

நினைவில்லங்கள் தேவையற்றவை என்பது இவ்வாதத்தின் பொருளன்று. பாரதியின் வீட்டைக் காண்பவர் அவரது புயல் கவிதைகளை அவ்வீட்டிலிருந்து வெளியே எடுத்துச் சென்று வைத்திக்குப்பத்துக் கரையில் வாசிக்கும்போதுதான் அக்கவிதை நகரப் பனுவலாகிறது. பிள்ளையின் நாட்குறிப்பைச் சம்பா கோயிலின் உள்ளே நின்று நினைக்கும்போதுதான் அச்சுவர் கண்ணுக்குத் தெரிகிறது. பனுவல் இடத்தை அழகுபடுத்தும் மேற்கோளாகப் பயன்பட்டால் அது சுற்றுலாவுக்கே துணைபோகும். இடத்தை நோக்கி வினா எழுப்பும் கருவியாகப் பயன்பட்டால் அது திறனாய்வாகும்.

எதிர்வாதம் ஒன்றையும் இங்குக் கருதவேண்டும். சுற்றுலா பலருக்கு வேலை தருகிறது. ஆலை மூடிய பின் அதுவும் இல்லையேல் நகரம் எவ்வாறு வாழும் என்று கேட்கலாம். இவ்வினா நியாயமானது. விடுதிப் பணியாளர், தானி ஓட்டுநர், கடற்கரையில் சுண்டல் விற்போர் ஆகியோரே இன்றைய புகார் நகரத்துத் தொழில் வரிசை. சுற்றுலாப் பனுவலிலோ அவர்களே காணப்படுவதில்லை. நகரை வாழவைக்கும் தொழிலாகச் சுற்றுலா மாறிய பின்னும், அத்தொழிலைச் செய்வோர் அதன் எழுத்தில் இடம்பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் குறைபாட்டுரை.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. சுற்றுலாப் பனுவல் புதுச்சேரியை நிறமாகவும் முகப்பாகவும் காட்டி, 1761-ஆம் ஆண்டின் அழிவையும் நகரை இயக்கிய உழைப்பையும் மறைக்கிறது.

2. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு மேற்கு நோக்கித் திறந்த வாசல்களையும் சாதிச் சுவரையும் அடிமை வணிகத்தையும் பதிவுசெய்கிறது. எனினும், எழுதியவரின் சமூக நிலை அப்பனுவலின் எல்லையாகிறது.

3. பிரபஞ்சனின் புதினங்கள் அவ்வெல்லையைக் கடக்க முயன்று, நகரின் பார்வைக் கோணத்தை மாற்றின. ஆவணத்தின் ஈர்ப்பு அம்மாற்றத்தை முழுமையடையவிடவில்லை.

4. பாரதியின் புயல் கவிதைகள் கடலைக் காட்சிப்பொருளாகக் கொள்ளாமல் வாழ்வின் இடராகக் காண்கின்றன. இன்றைய கடலரிப்புச் சூழலில் அவை புதுப்பொருள் பெறுகின்றன.

5. ஆலைத் தொழிலாளரின் நினைவு இன்னும் போதிய பனுவல் வடிவம் பெறவில்லை. அதனைத் தொகுப்பது தமிழியல் ஆய்வின் உடனடித் தேவையாகும்.

இளங்கோவடிகள் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கையில் அப்பம் சுடுவோரையும் விட்டுவிடவில்லை. புகார் கடல்கொண்ட நகரம் எனப்படுகிறது. ஆயினும், அங்கு எவர் என்ன தொழில் செய்தார் என்பது இன்றும் நமக்குத் தெரிகிறது. புதுச்சேரியின் கட்டடங்கள் நிற்கின்றன. வாய்க்காலுக்கு மேற்கே எவர் வாழ்ந்தார், ஆலையில் எவர் நெய்தார், கரையில் எவர் வலை உலர்த்தினார் என்பவற்றை நம் காலத்து எழுத்து சொல்லாது போனால், நிற்கும் நகரத்தைவிட மறைந்த நகரமே நன்கு அறியப்பட்டதாக எஞ்சும்.